செப்டம்பர் கடைசியில் மார்க்கா பள்ளத்தாக்கு, தனியாக, கூடாரத்தோடு: திட்டத்தில் ஓட்டை எங்கே?

தெற்குமூலை கேட்டது:

வணக்கம். லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கைத் தனியாக நடக்கத் திட்டம். செப்டம்பர் 26 காலை சென்னை–டெல்லி–லே விமானம். 27 லேயில் ஓய்வு. 28 காரில் ஸ்கியூ போய், அன்றே மார்க்கா கிராமம் வரை நடை. 29 ஹன்கர், 30 நிமாலிங், அக்டோபர் 1 கோங்மாரு லா கணவாய் ஏறி இறங்கி சோக்டோ. 2ஆம் தேதி விமானம்.

முதுகுப்பை 17 கிலோ: கூடாரம், அடுப்பு, ஐந்து நாள் சாப்பாடு (அரிசி, பருப்பு உட்பட). தூக்கப்பையில் மைனஸ் 5 என்று போட்டிருக்கிறது. கேஸ் கேனை இங்கிருந்தே எடுத்துப் போகலாமா? போன் எதுவரை எடுக்கும்? வேறு எங்கே இடிக்கிறது, சொல்லுங்கள்.

ஏறுநடை:

நாள் கணக்கிலேயே இடிக்கிறது. லே 3,500 மீட்டர். கடலோரத்திலிருந்து ஒரே காலையில் அங்கே போய் இறங்குகிறீர்கள். காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு பழக, குறைந்தது 48 மணி நேரம் அலைச்சல் கூடாது. மூன்று இரவு தங்கினால் நிம்மதி. ஸ்கியூவிலிருந்து மார்க்கா 20 கி.மீ.க்குக் குறையாது. ஊருக்கு வந்த மூன்றாம் நாளே 17 கிலோவோடு அதை நடந்தால் ராத்திரி தலைவலி உறுதி.

அதைவிடப் பெரிய பிரச்சினை ஹன்கர்–நிமாலிங். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. ஹன்கர் சுமார் 4,000, நிமாலிங் 4,700க்கும் மேல். நடுவில் தச்சுங்சே (சுமார் 4,250) இருக்கிறது. அரை நாள் நடைதான், ‘இதற்கா ஒரு நாள்’ என்று தோன்றும். ஆனாலும் அங்கே ஒரு இரவு தங்கியே ஆகவேண்டும்.

இப்படி மாற்றுங்கள்: 26, 27, 28 இரவு லே. 29 ஸ்கியூ–சாரா. 30 மார்க்கா. அக்டோபர் 1 ஹன்கர். வழியில் தேச்சா மடாலம் ஏறிப் பார்க்க நேரம் இருக்கும். 2 தச்சுங்சே, 3 நிமாலிங், 4 கணவாய் தாண்டி சோக்டோ, 5 உபரி, 6 விமானம். லீவு இல்லையென்றால் கணவாயை விட்டுவிட்டு ஹன்கரிலிருந்து வந்த வழியே திரும்புங்கள். பழைய திட்டத்தையே வேகமாக ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

கரிஅடுப்பு:

கேஸ் கேன் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது. அடுப்புத் தலையை மட்டும் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். மரை வைத்த கேன் லேயின் மலையேற்றக் கடைகளில் கிடைக்கும். சீசன் முடிவில் இருப்பு குறையும் என்பதால் இறங்கிய மறுநாளே வாங்கிவிடுங்கள். வெறும் பியூட்டேன் வேண்டாம். ஐசோபியூட்டேன்–புரொப்பேன் கலவை கேளுங்கள். பியூட்டேன் கடல்மட்டத்தில் சுழியத்தருகே ஆவியாவதை நிறுத்தும். நிமாலிங்கில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அந்த அளவு மைனஸ் 15 அளவுக்கு இறங்கும். அதனால் பிரச்சினை இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் எரிய எரிய கேன் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். விடிகாலையில் சுடர் சுருங்குவது அதனால்தான். இரவு கேனைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் பாதி சரியாகும். கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடு வாடையே காட்டாது.

அரிசி, பருப்பை வீட்டிலேயே விடுங்கள். 4,700 மீட்டரில் தண்ணீர் சுமார் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, கேஸ்தான் தீரும். அவல், வறுத்த சேமியா, சத்துமாவு, பருப்புப் பொடி, நெய். இவற்றுக்கு வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் போதும்.

வெள்ளிப்பனை:

சாப்பாட்டையே குறைக்கலாமே! சாரா, மார்க்கா, ஹன்கர் எல்லாவற்றிலும் ஹோம்ஸ்டே உண்டு. இரவுச் சாப்பாடு, காலை டிபன் தருவார்கள், மதியத்துக்குக் கட்டியும் கொடுப்பார்கள். தச்சுங்சே, நிமாலிங் இரண்டுக்கு மட்டும் சொந்தச் சாப்பாடு போதும். நிமாலிங்கில் கோடையில் இருக்கும் கூடார முகாமை நம்பிப் போகாதீர்கள். சீசன் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள், எப்போது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். பை 12 கிலோவுக்கு வந்துவிடும். பள்ளத்தாக்கில் ஏடிஎம் கிடையாது. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கப்பை விஷயம்: அந்த மைனஸ் 5 ‘கம்ஃபர்ட்’ அளவா, ‘லிமிட்’ அளவா? லேபிளைப் பாருங்கள். லிமிட் என்றால் நிம்மதியாகத் தூங்கக்கூடியது சுழியத்துக்குப் பக்கம்தான். அந்த வாரத்தில் நிமாலிங் இரவு மைனஸ் 5 முதல் 10 வரை போகும். லேயில் மைனஸ் 10 கம்ஃபர்ட் பை வாடகைக்கு எடுங்கள். விரிப்புக்கும் அதே கவனம் வேண்டும். காற்றடைத்த பாய் ஒன்றை மட்டும் நம்பாமல் அடியில் நுரைப்பாய் போடுங்கள். ஆர் மதிப்புகள் (தரைக்குளிரைத் தடுக்கும் அளவு) இரண்டும் ஒன்றோடொன்று கூடும். மொத்தம் 4க்குக் குறையக் கூடாது.

நிமாலிங் ஓடையைப் பார்த்தால் தெளிவாக இருக்கும். ஆனால் கோடை முழுக்க ஆடுமாடு மேயும் புல்வெளி அது, வடிகட்டியே ஆகவேண்டும். குழலிழை வடிகட்டி ஒருமுறை உள்ளே உறைந்தால் அவ்வளவுதான். இழை வெடித்திருப்பது வெளியே தெரியாது, தண்ணீர் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். இரவில் உதறி, பையில் சுற்றி உங்களோடு தூங்கவையுங்கள். காலைத் தண்ணீரை முந்தின மாலையே பிடித்து, பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்பக்கம் கட்டும், மூடி திறக்கும்.

ஏறுநடை:

போன் பற்றி யாரும் சொல்லவில்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் லே சுற்றுவட்டாரத்துக்குத்தான், பள்ளத்தாக்குக்குள் நம்பாதீர்கள். கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவியை இந்தியாவில் அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே வழக்காகும். ஆகவே காகிதம்தான் கதி: எந்த இரவு எங்கே என்று எழுதி, லே விடுதிக்காரரிடம் கொடுத்து, ‘5ஆம் தேதி இரவு 10 மணிக்குள் நான் வராவிட்டால் தேடச் சொல்லுங்கள்’ என்று மணியோடு சொல்லுங்கள். 4ஆம் தேதி மதியம் சோக்டோவில் காத்திருக்கும் வண்டியையும் அப்போதே பேசி முடியுங்கள்.

தெற்குமூலை:

அருமை, லீவை நீட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். டையமாக்ஸ் (உயர நோயைத் தடுக்கும் மாத்திரை) போடலாமா? நிமாலிங்கில் தலைவலி வந்தால், கணவாயைத் தாண்டினால் சீக்கிரம் கீழே போய்விடலாம் அல்லவா?

ஏறுநடை:

தலைவலியோடு கணவாய் ஏறுவது வேண்டவே வேண்டாம். கோங்மாரு லா 5,200க்கும் மேல். நிமாலிங்கிலிருந்து முதலில் 450 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். உடம்பு முடியாதவர் இறங்கவேண்டிய பக்கம் ஹன்கர். லேசான தலைவலி மட்டும் என்றால் அங்கேயே ஒரு நாள் இருங்கள், மேலே ஏறாதீர்கள். வாந்தி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்க முடியாத தள்ளாட்டம், இதில் எது வந்தாலும் இருட்டாக இருந்தாலும் இறங்குங்கள். துணைக்கு ஆள் இல்லாததால் இரவு படுக்கும் முன் அந்தக் குதிகால் சோதனையை நீங்களே செய்துபாருங்கள்.

டையமாக்ஸ் 125 மி.கி. காலை, இரவு, விமானத்துக்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கமான அளவு. சல்ஃபா அலர்ஜி உண்டா என்று டாக்டரிடம் பேசி, ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். விரல் மதமதப்பும் அடிக்கடி சிறுநீரும் மருந்தின் வேலை, பயம் வேண்டாம்.

வெள்ளிப்பனை:

கணவாய் நாளுக்கு ஒன்று. காலை 6 மணிக்குக் கிளம்பினால் காற்று எழும் முன் உச்சி. முந்தின இரவு புதுப்பனி விழுந்திருந்தால் ஏறாதீர்கள். அந்தப் பக்க இறக்கம் முதலில் செங்குத்து, பிறகு குறுகிய பள்ளம். ஓடையை மாறிமாறிக் கடக்கவேண்டும், வெள்ளம் வந்த வருஷம் பாதை அரித்துப்போயிருக்கும். பனி மூடிய கல்லில் தனியாள் கணுக்காலை முறித்துக்கொண்டால் யாரும் வரமாட்டார்கள். உபரி நாள் வைத்தது அதற்குத்தான்: ஒரு நாள் காத்திருங்கள், இல்லையேல் ஹன்கருக்கு இறங்குங்கள். அப்படித் திரும்பினால் சோக்டோ வண்டி வீணாகும், ஸ்கியூ பக்கம் வேறு பிடிக்கவேண்டும். அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.