டி.என். 65 கார் என்றாலே துரு என்று தீர்ப்பெழுத இவர் யார்?

மண்டபத்துக்காரன்:
பழைய கார் வாங்குவோருக்கு அறிவுரை என்று மதுரை அன்பர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். ‘எண் பலகையில் டி.என். 65 என்று இருந்தால் விலைகூடக் கேட்காதீர்கள். இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் உப்பான போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் கழுவிக் கழுவியே காரைக் கருவாடாக்கி வைத்திருப்பார்கள்’ என்பது அவருடைய திருவாக்கு.

என் கார் 2009 மாடல். மண்டபம் ஊரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஓலைக் கொட்டகையில் நிற்கிறது. வாங்கிய நாள் முதல் போர் தண்ணீரில்தான் குளிக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து, ஆய்வாளர் குனிந்து அடிப்பக்கம் பார்த்து, பசுமை வரியும் கட்டி, ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தாகிவிட்டது. போர் தண்ணீரில் கழுவினால் துரு வரும் என்பது எங்கள் வண்டிகளை அடிமாட்டு விலைக்குக் கேட்பதற்காக மதுரைத் தரகர்கள் கட்டிவிட்ட கதை. மறுப்பவர் இருந்தால் வரட்டும்.

வைகைக்கரை:
வந்துவிட்டேன். எழுதியவன் நான்தான். தரகர் என்றதில் எனக்குக் கோபமில்லை, அது என் தொழில்.

போன மழைக்காலத்துக்கு முன் இராமேசுவரத்திலிருந்து ஒரு கார் வந்தது. பெயின்டில் முகம் பார்க்கலாம். கதவின் கீழ் ஓரத்தில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. உள்ளே தகட்டுக்குப் பதில் முழுக்கப் பட்டிப் பசை. சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம் என்று ஜாக்கி போட்டோம். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. தகட்டைப் பொத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே போய்விட்டது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டால், ‘வாரா வாரம் சுத்தமாகக் கழுவுவேனே’ என்கிறார். எதில்? போர் தண்ணீரில். தண்ணீர் இல்லாத காட்டில் வேறு எதில் கழுவுவார்கள், பாவம்.

மண்டபத்துக்காரன்:
ஜாக்கி உள்ளே போனது தெரிகிறது. ‘போர் தண்ணீரால்தான் போனேன்’ என்று ஜாக்கி வாக்குமூலம் கொடுத்ததா? இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் இரவு பகலாகக் காற்று உப்பை அள்ளி வீசுகிறது. அதை விட்டுவிட்டு வாரம் ஒரு முறை ஊற்றும் இரண்டு வாளித் தண்ணீர்மேல் பழி போடுகிறார்.

அப்புறம் அந்தத் ‘தண்ணீர் இல்லாத காடு’. வைகையில் வந்த தண்ணீரை வழியிலேயே முடித்துவிட்டு, எங்கள் பெரிய கண்மாய்க்கு மிச்சம் மீதியை அனுப்புகிறவர்கள் இந்த வசவைச் சொல்லலாமா?

தொண்டி ஆசிரியர்:
இருவருக்கும் வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘உப்புத் தண்ணீர்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மண்டபத்து அன்பரின் போரில் எவ்வளவு? நம் கடற்கரையில் மணல் மேட்டில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். அதே இடத்தில் ஆழமாகத் துளைத்தால் வாயில் வைக்க முடியாது. உங்கள் போர் எத்தனை அடி?

மண்டபத்துக்காரன்:
ஆசிரியர் ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகும் தேர்வு வைக்கிறீர்களே! போர் என்றால் போர்தான். அதில் கழுவினால் துரு வராது. என் கார் சாட்சி.

உச்சிப்புளி பட்டறை:
நான் டிங்கர் (தகட்டு) வேலையும் பெயின்ட் வேலையும் செய்கிறவன். கடற்கரை வண்டிகளில்தான் எனக்குச் சோறு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்பில் உள்ள குளோரைடு, தகட்டின் மேலிருக்கும் காப்புப் படலத்தைக் கிழித்துவிடும். ஆனால் உலர்ந்த உப்பு சும்மாதான் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவு நேரத்தில் பெரும்பாலும் அந்த நிலைதான். அதாவது, மழையே இல்லாமல் நிற்கும் வண்டியின் அடிப்பக்கம் இரவில் நனைகிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய மூன்று நான்கு துளைகள் விட்டிருப்பார்கள். மணலும் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே சேறு தங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு சல்லடை கணக்காகிவிட்டிருக்கும். ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து அந்தத் துளைகளைக் குத்திவிட்டாலே பாதி வண்டிகள் பிழைக்கும்.

அடிப்பக்கம் தார் நிறத்தில் ஒரு பூச்சு அடிக்கச் சொல்கிறார்கள் அல்லவா? புது வண்டிக்கு அடித்தால் நல்லது. ஏற்கெனவே துருப் பிடித்ததன்மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம். சில இடங்களில் வடிகால் துளையையும் சேர்த்தே அடைத்து விடுகிறார்கள்.

கழுவுவதைப் பற்றி: கழுவிய பிறகு கண்ணாடியில் வெள்ளைத் திட்டு நிற்கிறதென்றால் அதே திட்டு அடியிலும் நிற்கிறது. கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான்.

வைகைக்கரை:
கேட்டுக்கொள்ளுங்கள். மெக்கானிக்கே சொல்லிவிட்டார். போர் தண்ணீரால்தான் துரு.

மண்டபத்துக்காரன்:
மெக்கானிக் தம்பி அப்படியா சொன்னார்? துளை அடைப்பால் துரு என்றார், காற்றின் ஈரத்தால் துரு என்றார். கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுவது அவருடைய ஆசை. ஒரு குடம் நல்ல தண்ணீர் இங்கே என்ன விலை விற்கிறது தெரியுமா? காவிரிக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்வதா, காருக்கு ஊற்றுவதா? போர் தண்ணீரில் துரு வராது.

ஸ்கார்பரோ சேது:
சொந்த ஊர் திருப்புல்லாணி, இப்போது கனடா. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். நம் வாலிநோக்கம் உப்பளத்தில் குவித்து வைத்திருப்பார்களே, அந்த உப்புத்தான். சில ஆண்டுகளில் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு பொத்துப்போன கார்களை இங்கே எங்கும் பார்க்கலாம். அதனால் பலரும் ஆண்டுக்கொரு முறை இலையுதிர் காலத்தில் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் தெளித்துக்கொள்கிறார்கள். தெரிந்தே காருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவரை இன்றுதான் பார்க்கிறேன். வேடிக்கைதான்.

மண்டபத்துக்காரன்:
தம்பி, அங்கே பனி, இங்கே பனை. நாட்டை விட்டுப் போனவர்கள் ஊருக்கு அறிவுரை சொல்லும் உரிமையையும் பெட்டியில் எடுத்துப் போய்விடுகிறீர்கள். பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. கடலுக்குள்ளேயே நின்ற இரும்பு! அது நூறு ஆண்டைத் தாண்டியது. என் கார் இரண்டு வாளிப் போர் தண்ணீருக்குச் செத்துவிடுமா?

ஸ்கார்பரோ சேது:
அண்ணன், அந்தப் பாலத்தை ஓயாமல் பெயின்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். கடைசியில் துருப் பிடித்துத்தான் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சும் எதற்காகப் போட்டார்கள்? அழகுக்கா? பாலத்தை யாராவது போர் தண்ணீரில் கழுவினார்களா என்றும் சொல்லுங்கள்.

மண்டபத்துக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! பாலத்தைப் போர் தண்ணீரில் கழுவவில்லை, ஆனாலும் துருப் பிடித்தது. ஆகவே காரணம் கடற்காற்று. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி.

கீழக்கரை தோஹா:
அஸ்ஸலாமு அலைக்கும். மண்டபத்து அண்ணன் சொல்வது சரி. மதுரைக்காரர் டி.என். 65 என்று மொத்தமாகச் சொன்னது தவறு. கமுதியும் முதுகுளத்தூரும் டி.என். 65 தானே? அங்கே கடல் எங்கே இருக்கிறது? கத்தாரிலும் கடற்கரைதான், இதே புழுக்கம்தான். என் கார் பத்தாண்டாகச் சுத்தமாக இருக்கிறது.

வைகைக்கரை:
காக்கா (அண்ணன்), கத்தாரில் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

கீழக்கரை தோஹா:
குழாய்த் தண்ணீரில்தான். கடல்நீரை உப்பு நீக்கிக் கொடுக்கிறார்கள்.

வைகைக்கரை:
உப்பு நீக்கி. சரி.

மண்டபத்துக்காரன்:
காக்கா, ஆதரவுக்கு நன்றி, ஆனால் இப்படி நடுவில் வந்து கெடுக்க வேண்டாம். போன முறை நீங்கள் ஊருக்கு வந்தபோது என் காரை எடுத்துப் போய், ஏர்வாடி விலக்கில் சாலையின் வலப்பக்கத்திலேயே ஓட்டி, எதிரே வந்த பஸ் ஓட்டுநர் என்னைத் தொலைபேசியில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

கீழக்கரை தோஹா:
கத்தாரில் வலப்பக்கம் ஓட்டிய பழக்கம், வந்த முதல் நாள் அப்படித்தான் இருக்கும். ஊரிலிருந்து வளைகுடாவுக்கு வரும் உங்கள் ஆட்கள் மட்டும் என்னவாம்? பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஒன்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, வேலை விசாவில் வந்து இறங்கி, அதை வைத்தே காலமெல்லாம் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். அதன் ஆயுள் ஓர் ஆண்டு. அதுவும் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு. குடியிருப்பு அட்டை வந்துவிட்டால் அந்த நாட்டு உரிமம் எடுத்தே ஆக வேண்டும். இதைச் சொன்னால் கேட்பதில்லை. இங்கே உரிமத் தேர்வில் தோற்றுத் தோற்றுப் பணம் இழந்தவர்கள் எங்கள் அறையிலேயே இருக்கிறார்கள்.

தொண்டி ஆசிரியர்:
பேச்சு எங்கோ போகிறது. போர் ஆழம் எத்தனை அடி என்று கேட்டிருந்தேன்.

வைகைக்கரை:
ஆழம் இருக்கட்டும் ஐயா, எங்கள் ஊர் வண்டிகளும் இவர்களால்தான் கெடுகின்றன. பாம்பன் சாலைப் பாலத்தில் மீன் லாரிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வழிநெடுக ஒழுகும். முன்கண்ணாடியில் தெறிக்கும், துடைப்பானைப் போட்டால் செதிலும் கொழுப்பும் சேர்ந்து கண்ணாடி முழுக்க மெழுகிவிடும். மதுரை திரும்பிய பிறகும் வாடை போகாது.

மண்டபத்துக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் துண்டு தட்டில் விழும்போது வாடை தெரியாது. அதைச் சுமந்து வரும் லாரி ஒழுகினால் மட்டும் தெரியும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டதிலிருந்து வெளியூர் வண்டிகள் படும் பாட்டைச் சொல்லட்டுமா? சாலை இருக்கும்போதே புகைப்படத்துக்காக ஈர மணலில் காரை இறக்குகிறார்கள். சக்கரம் புதைந்ததும் மேலும் மேலும் மிதித்து அச்சு வரை புதைக்கிறார்கள். அப்புறம் மீனவர்கள் வந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். அலை தொட்ட அந்தக் காரை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள், மதுரைக்காரரே? அந்த வண்டி டி.என். 58 என்ற மதுரை எண்ணோடு உங்கள் கடையில் ‘ஒரே உரிமையாளர், மருத்துவர் ஓட்டியது’ என்ற அட்டையோடு நிற்கிறதா இல்லையா?

வைகைக்கரை:
என் கடையைப் பற்றிப் பேச வேண்டாம்.

மண்டபத்துக்காரன்:
என் ஊரைப் பற்றி நீங்கள் பேசலாம், உங்கள் கடையைப் பற்றி நான் பேசக் கூடாது. நல்ல நியாயம்.

ஸ்கார்பரோ சேது:
வாங்குகிறவர்களுக்கு ஒன்று. துருவுக்கு இன்சூரன்ஸில் ஒரு காசு வராது, அது தேய்மானக் கணக்கு. அதனால் பழைய காரைப் பகலில், மேட்டில் ஏற்றி, அடியில் படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முக்கியமாகப் பிரேக் எண்ணெய்க் குழாயைப் பாருங்கள். கதவு பொத்தால் அசிங்கம், குழாய் பொத்தால் உயிர்.

உச்சிப்புளி பட்டறை:
கனடாத் தம்பி சொன்னது சரி. மண்டபத்து அண்ணன், வாய்விட்டுக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காருக்கு இரண்டாவது சைலன்சரை நான்தானே மாட்டினேன்? பழையது கையோடு உதிர்ந்து வந்தது. பின்பக்க மிதியடிக்குக் கீழே தகடு வைத்துப் பற்ற வைத்ததும் நான்தான். அதில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

வைகைக்கரை:
ஆஹா.

மண்டபத்துக்காரன்:
என்ன ஆஹா? சைலன்சர் உள்ளிருந்து அழுகுவது. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். நான் மண்டபம் கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக ஓட்டுகிறவன். சைலன்சர் சூடேறி அந்த நீர் ஆவியாகும் முன் வண்டியை நிறுத்திவிடுகிறேன். உள்ளேயே தங்கி அரிக்கிறது. சென்னையிலும் அரிக்கும், கோயம்புத்தூரிலும் அரிக்கும். சைலன்சருக்குள் போர் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைத்தீர்களா?

தொண்டி ஆசிரியர்:
அது உண்மைதான், குறைந்த தூரம் ஓட்டினால் அப்படி ஆகும். ஆனால் மிதியடிக்குக் கீழே வைத்த தகடு?

மண்டபத்துக்காரன்:
அது மீன் கூடை வைத்த இடம். ஐஸ் தண்ணீர் சிந்தியது. போர் தண்ணீர் இல்லை.

வைகைக்கரை:
அப்படியானால் முதலில் சொன்னபடி உங்கள் காரில் துரு இல்லை. இருந்தாலும் அது போர் தண்ணீர்த் துரு இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன். விற்கும்போது சொல்லுங்கள், காந்தத்தோடு வருகிறேன்.

மண்டபத்துக்காரன்:
விற்றாலும் உங்களுக்கு இல்லை. கமுதிக்காரருக்குக் கொடுப்பேன்.

தம்பி உச்சிப்புளி, பாக்கி என்று நாலு பேர் முன்னால் எழுதியது அழகா? தகடு நான் வாங்கிக் கொடுத்தது, பற்ற வைத்த கூலி கொடுத்தாகிவிட்டது. மிச்சம் பெயின்டுக்கு. நீ அடித்த பெயின்ட் நிறம் ஒத்துப்போகவில்லை என்று அன்றே சொன்னேன். நிறத்தைச் சரிசெய், வாங்கிக்கொள்.

உச்சிப்புளி பட்டறை:
மிதியடிக்கு அடியில் அடித்த பெயின்டின் நிறம் யாருக்குத் தெரியும் அண்ணன்?

மண்டபத்துக்காரன்:
எனக்குத் தெரியும்.