ஓ.எல் வரலாறு: முதலாம் பத்திரம் பரவாயில்லை, இரண்டாம் பத்திரம் ஏறவே இல்லை. உதவி தேவை

உப்புவெளி மாணவன்:

வணக்கம். நான் திருகோணமலையில் தரம் 11 படிக்கிறேன். இந்த முறை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை). மற்றப் பாடங்களைச் சமாளிக்கலாம், வரலாறுதான் பிரச்சினை. முதலாம் பத்திரத்தின் 40 கேள்விகளில் பாதிக்கு மேல் சரி வருகிறது. இரண்டாம் பத்திரத்துக்கு வந்தால் கை நின்றுவிடுகிறது.

சிக்குகிற இடங்கள் இவை. பிரித்தானியர் கால அரசியல் சீர்திருத்தங்களின் பெயர் வரிசை தெரியும்: கோல்புறூக், குறூ மக்கலம், மனிங், டொனமூர், சோல்பரி. ஆனால் எதில் எது கிடைத்தது என்று கேட்டால் எல்லாம் கலந்துவிடுகிறது. பிரெஞ்சுப் புரட்சி, உலகப் போர்கள் எல்லாம் பாடமாக்கி ஒரு கிழமையில் மறந்துபோகின்றன. வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது கடலுக்குள் வைத்துவிடுகிறேன்.

நோட்ஸைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தேன். ஆண்டுகளை அட்டவணை போட்டு மேசைக்கு முன்னால் ஒட்டியும் வைத்தேன். பலன் இல்லை. தரம் 10 பாடங்களை விட்டுவிட்டு 11ஐ மட்டும் படித்தால் போதுமா? யாராவது சொல்லுங்கள்.

உவர்மலை அக்கா:

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். தரம் 10ஐ விடக் கூடாது. இரண்டு தரத்திலிருந்தும் கேள்வி வரும். குளங்கள், பண்டைய அரசுகள், கண்டி இராச்சியம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

சீர்திருத்தங்கள் எனக்கும் உயர்தரத்தில் திரும்ப வந்தன. அட்டவணை உதவாததற்குக் காரணம், அதில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நிற்கிறது. ஒவ்வொரு சீர்திருத்தத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது கிடைத்த பிறகும் இலங்கையருக்கு என்ன குறை இருந்தது? அந்தக் குறைதான் அடுத்த சீர்திருத்தத்தைக் கொண்டுவருகிறது.

1833இல் கோல்புறூக் சிபாரிசுப்படி சட்டசபை வந்தது. 15 பேர். அதில் 9 பேர் உத்தியோகத்தர், 6 பேர் உத்தியோகப்பற்றற்றவர், அதாவது அரசாங்கப் பதவியில் இல்லாதவர். அந்த 6 பேரையும் தேசாதிபதியே (பிரித்தானிய ஆளுநர்) நியமித்தார், இனவாரியாக. என்ன குறை? யாரும் வாக்குப் போட்டு வரவில்லை, பெரும்பான்மையும் உத்தியோகத்தரிடம்.

1910-12 குறூ மக்கலம். படித்த இலங்கையருக்கு ஓர் ஆசனம், தேர்தல் மூலம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதில் வென்றார். என்ன குறை? வாக்குரிமை மிகச் சிலருக்குத்தான், உத்தியோகத்தர் பெரும்பான்மையும் மாறவில்லை. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவாகிறது, முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அடுத்த மனிங் சீர்திருத்தத்தில் (1920-21) உத்தியோகப்பற்றற்றவர் 23, உத்தியோகத்தர் 14. இப்போது பெரும்பான்மை கைமாறிவிட்டது. 1924இல் அது 37க்கு 12 ஆகியது. ஆனால் நிர்வாகம் இன்னும் தேசாதிபதியின் கையில். சபையில் பேசலாம், எதிர்க்கலாம், நாட்டை நடத்தும் பொறுப்பு இல்லை. அந்தக் குறைக்குப் பதிலாகத்தான் 1931இல் டொனமூர்: ஏழு நிர்வாகக் குழுக்கள், 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை. பிரித்தானியப் பெண்களுக்கே ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இல்தான் கிடைத்தது. அதை நினைத்துப் பாருங்கள், டொனமூர் ஆண்டு மறக்காது.

சோல்பரியை இதே மாதிரி நீங்களே எழுதிப் பாருங்கள். நிர்வாகக் குழு முறையில் என்ன குறை என்று தொடங்குங்கள்.

கிண்ணியா அண்ணா:

வரைபடத்துக்கு நான் சொல்கிறேன். இரண்டாம் பத்திரத்தில் முதல் கேள்வி கட்டாயம், வரைபடம் அதில்தான் வருகிறது. பயிற்சி செய்தால் உறுதியாக எடுக்கக்கூடிய புள்ளிகள் அவை.

வெறும் எல்லைக்கோடு மட்டும் உள்ள இலங்கைப் படத்தைப் பல பிரதி எடுங்கள். முதலில் நம் கொட்டியாரக் குடாவைத் தேடுங்கள். வடகிழக்கில் கரை உள்ளே குழிந்திருக்கும் இடம் அதுதான். மகாவலி அங்கேதான் கடலில் விழுகிறது. இந்த ஓரிடம் நிலையாகிவிட்டால் மற்றவற்றை அதிலிருந்து அளக்கலாம். பழைய கோகர்ணத் துறைமுகம் அந்தக் குடாவை ஒட்டி. கந்தளாய்க் குளம் அங்கிருந்து தென்மேற்கே உள்நாட்டில். பொலன்னறுவை அதற்கும் தெற்கே. மாதோட்டம் ஏறத்தாழ நேர் எதிர்க்கரையில், மன்னார்ப் பக்கம். கடல் ஓர இடம் என்றால் புள்ளியைக் கோட்டின் மேலேயே வையுங்கள், கடலுக்குள் போகாது.

உலகப் படத்துக்குப் பாரிஸ், பெற்றோகிராட், பொஸ்டன், ஹிரோசிமா, பேர்ள் துறைமுகம். பாடத்தில் ஓர் ஊரின் பெயர் வந்தால் அன்றைக்கே படத்தில் வைத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மூதூர்:

மகன், உலக வரலாறு மறந்துபோவதற்குக் காரணம், அது எங்கோ தூரத்தில் நடந்தது என்று நினைத்துப் படிப்பது. பிரெஞ்சுப் புரட்சி உங்கள் ஊரின் பிரட்றிக் கோட்டை வரைக்கும் வந்தது.

இப்படிப் பாருங்கள். 1789இல் புரட்சி. புரட்சிப் பிரான்ஸ் அயல்நாடுகளோடு போருக்குப் போகிறது. 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடிக்கிறது. ஒல்லாந்தின் ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடுகிறார். கியூ என்ற இடத்திலிருந்து கடிதம் எழுதுகிறார்: நம் குடியேற்றங்களுக்குள் பிரித்தானியப் படையை விடுங்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்துவிடக் கூடாது என்று. அந்தக் கடிதத்தோடு பிரித்தானியர் வந்து இறங்கிய இடம் திருகோணமலை. கோட்டை முற்றுகையிடப்பட்டு, 1795 ஆகஸ்டில் சரணடைகிறது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு. 1815இல் கண்டி ஒப்பந்தம். பாரிசிலிருந்து கண்டி வரை ஒரே சங்கிலி. இதில் தரம் 11இன் இரண்டு பாடங்கள் அடங்கிவிட்டன.

இரண்டாம் உலகப் போரையும் அப்படியே பிடியுங்கள். 1941 டிசம்பர் பேர்ள் துறைமுகம், 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ச்சி, ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, ஏப்ரல் 9 திருகோணமலையில் குண்டு. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சிங்கப்பூர் போனபின் நம் துறைமுகத்தின் பெறுமதி ஏன் கூடியது என்று நீங்களே சொல்லுங்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தையும் ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். அந்தக் கல்லறைகளில் உள்ள ஆண்டுகளை வாசித்தாலே பாடம் மனதில் நிற்கும்.

இப்போது ஒரு வேலை. "பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்ற விரும்பியதற்கான காரணங்கள் மூன்று தருக." இங்கேயே எழுதுங்கள், திருத்துகிறேன்.

உப்புவெளி மாணவன்:

நன்றி சேர், அக்கா, அண்ணா. சங்கிலி மாதிரிப் படித்தபோது ஒல்லாந்தர் பகுதி உடனே பிடிபட்டது. பதில்:

1. இயற்கைத் துறைமுகம்.
2. பிரெஞ்சுக்காரர்.
3. இந்தியாவைப் பாதுகாக்க.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மூதூர்:

மூன்று விடயமும் சரி, மகன். ஆனால் உங்களுக்குப் புள்ளி குறைவது இங்கேதான். தெரிந்ததில் பாதியை மட்டும் தாளில் வைக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக்கி, பின்னால் ஓர் ஆதாரம் சேருங்கள்.

ஒன்று: வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க முடியாது. மதராசில் இயற்கைத் துறைமுகம் இல்லாததால் பிரித்தானியக் கடற்படை பம்பாய் வரை போகவேண்டியிருந்தது. திருகோணமலையின் உள்துறைமுகம் அந்தக் குறையைத் தீர்த்தது.

இரண்டு: 1782 ஜனவரியில் பிரித்தானியர் பிடித்த கோட்டையை அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார். எதிரியின் கையில் அது இருந்தால் என்ன ஆபத்து என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்தது.

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். வங்காள விரிகுடாவில் யாருடைய வர்த்தகக் கப்பல்கள் போய்வந்தன என்று தொடங்குங்கள். கேள்வி "குறிப்பிடுக" என்றால் ஒரு வரி போதும், "விளக்குக" என்றால் இந்த அளவு வேண்டும். பழைய வினாத்தாளோடு புள்ளித் திட்டத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள், எந்த வரிக்குப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று தெரியும்.

உவர்மலை அக்கா:

சேர் சொன்னதோடு ஒன்று, தம்பி. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். பார்த்து எழுதினால் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். மூடிவைத்து எழுதி, விட்ட இடத்தை மட்டும் சிவப்புப் பேனையால் சேருங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் படித்தால் போதும்.

உப்புவெளி மாணவன்:

சரி அக்கா. மூன்றாவது பதிலையும் சோல்பரியையும் புத்தகம் பாராமல் எழுதி, இன்று இரவு இங்கே போடுகிறேன். சேர், அதற்குப் பிறகு தரம் 10இலிருந்து ஒரு கேள்வி தருவீர்களா? கண்டி இராச்சியம் என்றால் நல்லது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மூதூர்:

இப்போதே தருகிறேன். "1638இல் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்ததற்கான காரணங்களை விளக்குக." போர்த்துக்கேயரோடு நடந்த கன்னொறுவைச் சண்டையும் அதே ஆண்டுதான், அதையும் சேர்த்து எழுதுங்கள்.