ஆஸ்திரேலியாவில் உண்பதற்காக மான் வேட்டை: எந்த மானைத் தேர்ந்தெடுப்பது?

விக்டோரியா மாநிலத்துக்கு அண்மையில் குடிவந்த உறவுகள் சிலர், இங்கே சட்டப்படி மான் வேட்டையாடலாம் என்று கேள்விப்பட்டு, எந்த மானின் இறைச்சி சாப்பிட நன்றாக இருக்கும் என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள். எந்த இனம் என்பதைவிட, என்ன வயது, ஆணா பெண்ணா, எந்த மாதம் என்ற மூன்றுமே சட்டிக்கு வரும் கறியின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. கொம்பைப் பார்த்து மானைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சுவரில் மாட்ட ஒரு பொருள் கிடைக்கும். ஆனால் குடும்பத்துக்கு நல்ல கறி கிடைப்பது அரிது.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான்களைக் காக்கிறது. இலங்கையிலும் மரை எனப்படும் கடமானும் புள்ளிமானும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள்தாம். ஆஸ்திரேலியாவின் நிலை வேறு. இங்குள்ள மான்கள் அனைத்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்பதாலும், அவை பெருகி இந்நாட்டுக் காடுகளையும் பண்ணைகளையும் சேதப்படுத்துவதாலும், உரிமம் பெற்றவர்கள் வேட்டையாட அனுமதி உண்டு. விக்டோரியாவில் காவல்துறை வழங்கும் துப்பாக்கி உரிமமும், வேட்டை மேலாண்மை ஆணையம் வழங்கும் வேட்டை உரிமமும் வேண்டும். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்களின் விதிகள் வேறானவை. எனவே அங்கிருப்பவர்கள் தங்கள் மாநில விதிகளைப் படித்த பிறகே துப்பாக்கியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

உண்பதற்காக முதன்முதலாக வேட்டைக்குச் செல்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஃபேலோ (fallow) என்னும் நடுத்தர உருவமுள்ள மானைத்தான். அதிலும், முழு வளர்ச்சியை எட்டாத இளம் பெண்மானோ, முதல் கொம்பு முளைத்திருக்கும் இளம் ஆணோ கிடைத்தால் அதைவிடச் சிறந்த கறி இல்லை. வளர்ந்த பெண் ஃபேலோவே ஏறத்தாழ 40 கிலோ எடைதான் இருக்கும் என்பதால், இருவர் சேர்ந்தால் அதைச் சிரமமின்றி வண்டிவரை கொண்டுவந்துவிடலாம். விரைவாகக் குளிரவைக்கவும் முடியும். இதன் தசைநார் மென்மையானது, வாடை குறைவு. ஆட்டுக்கறிக்குப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள்கூட முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் இதே ஃபேலோ இனத்தின் முதிர்ந்த ஆணை ஏப்ரல் மாதத்தில் சுட்டால் கதை முற்றிலும் மாறிவிடும். அது அவற்றின் இணைசேரும் பருவம். அந்த வாரங்களில் ஆண்மான் சரியாக மேய்வதில்லை. இரவும் பகலும் பிற ஆண்களோடு மோதி, உடலில் இருந்த கொழுப்பையெல்லாம் இழந்து, தன் சிறுநீர் நனைந்த மண்ணில் புரண்டு திரியும். அதன் கறியில் எழும் கடும் வாடையை எவ்வளவு மிளகும் இஞ்சியும் சேர்த்தாலும் மறைக்க முடியாது. ஆண்தான் வேண்டுமென்றால், கோடையின் மேய்ச்சலில் கொழுத்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேடுங்கள். பெண்மானுக்கு மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்மாதங்கள் ஏற்றவை. டிசம்பரை ஒட்டிப் பிறக்கும் குட்டிகள் அதற்குள் தாமே மேயத் தொடங்கிவிடுகின்றன, ஈக்களும் குறைவு, வெட்டிய கறி கெடுவதற்கு முன் வீடு வந்து சேரும். பாலூட்டும் தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியைப் பட்டினியால் சாகவிடுவது எந்தக் கறிக்கும் ஈடாகாது.

நம்மவர்கள் ஆர்வத்தோடு கேட்பது கடமானைப் பற்றித்தான். இங்கே சாம்பர் என்று அழைக்கப்படும் இந்த மான் 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விக்டோரியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஈழத்தில் நாம் மரை என்று சொல்வதும் இதையே. இன்று கிழக்கு விக்டோரியாவின் மலைக்காடுகள் முழுவதும் பரவியிருக்கிறது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும் என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் அதை வீழ்த்திவிட்டால், அங்கேயே எலும்பு நீக்கி, பல நடையாகத் தோளில் சுமந்து மேலே கொண்டுவர வேண்டும். சுமக்க முடியாமல் பாதியைக் காட்டிலேயே விட்டுவருவது உண்பதற்காக வேட்டையாடுபவருக்கு அழகல்ல. முதிர்ந்த ஆணின் கறி முரட்டு நாரோடு இருக்கும். நீண்ட நேரம் வேகவைத்தால்தான் இளகும். இளம் கடமானின் கறியோ மிக நல்லது. இந்த இனத்துக்கு ஃபேலோவைப் போலக் குறுகிய இணைசேரும் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் குட்டிகள் பிறக்கக்கூடும் என்பதால், பெண்ணைக் குறிவைக்கும்போது அருகில் குட்டி நிற்கிறதா என்று எந்த மாதத்திலும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

குயின்ஸ்லாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. வட குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் வட்டாரத்தில் 1886இல் விடப்பட்ட புள்ளிமான்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. புள்ளிமான் கறி ஃபேலோவுக்கு இணையானது, சிலருக்கு அதைவிடவும் மேலானது. அங்குள்ள வெப்பம்தான் எதிரி. ஐஸ் நிரம்பிய பெட்டி வண்டியில் இல்லாமல் புறப்படாதீர்கள். கிழக்கு விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துக் கடற்கரையோரத்தில் வாழும் ஹாக் (hog) என்னும் சிறிய மானும் உண்பதற்கு அருமையானதே. ஆனால் விக்டோரியாவில் அதற்குப் பொதுவாக ஏப்ரல் மாதம் மட்டுமே அனுமதி. ஒருவருக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்ற வரம்பும், சுட்ட மானில் மாட்ட வேண்டிய அடையாளப் பட்டையும் உண்டு என்பதால் தொடக்கநிலையினருக்கு அது உகந்ததல்ல. ரெட் (red) எனப்படும் செம்மானுக்கு ஃபேலோவுக்குச் சொன்னதே பொருந்தும். உருவம் மட்டும் பெரிது.

நல்ல மானைத் தேர்ந்தெடுத்த பிறகும் கறியைக் கெடுக்க ஒரு மணிநேரம் போதும். விரட்டப்பட்டு, காயத்தோடு நெடுந்தூரம் ஓடிச் சாகும் மானின் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதால், கறி கருத்து, பிசுபிசுத்து, விரைவில் கெடும். ஆகையால் அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் மானை, நெஞ்சறை தெளிவாகத் தெரியும் தொலைவில் மட்டுமே சுட வேண்டும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். வயிற்றில் குண்டு பட்டால் குடலில் உள்ளது கசிந்து உட்புறக் கறியையெல்லாம் பாழாக்கும். வீழ்ந்தவுடன் குடலை நீக்கி, வயிற்றறையைத் திறந்துவைத்துக் காற்றாடவிடுங்கள். ஈரலில் தட்டைப்புழுவோ கட்டியோ தென்பட்டால் அதை உண்ணாதீர்கள். சீழ், வீக்கம், வழக்கத்துக்கு மாறான நாற்றம் இருந்தால் முழு மானையும் ஒதுக்கிவிடுவதே நல்லது. கறியை உடனே உறையவைக்காமல், குளிர்பெட்டியில் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே நான்கைந்து நாள் வைத்திருந்தால் விறைப்பு நீங்கி மென்மையாகும்.

வீட்டில் சமைப்பவர்களுக்கும் ஒரு சொல். மானின் கொழுப்பு ஆறியவுடன் மெழுகுபோல உறைந்து நாக்கில் ஒட்டும். அதையும் தசையை மூடியிருக்கும் வெண்சவ்வையும் முழுமையாக நீக்கிவிட்டு, நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பை ஒட்டிய நீளக்கறி வாணலியில் சில நிமிடம் வதக்குவதற்கு உரியது. குழம்பில் கொதிக்கவிட்டால் வறண்டுபோகும். கழுத்து, முன்கால், கணுக்கால் கறியைத்தான் நம் மிளகுக் குழம்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஈயக் குண்டின் நுண்துகள்கள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் சிதறக்கூடும். ஆகவே அப்பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் உண்ணும் வீடென்றால் செப்புக் குண்டையே பயன்படுத்துங்கள். கருவுற்றவர்களுக்குக் கறி உள்ளே சிவப்பின்றி முழுமையாக வெந்திருக்க வேண்டும். நண்பர்களோடு கறியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பொழுதுபோக்கு வேட்டையில் கிடைத்ததை விற்பது மட்டும் சட்டவிரோதம்.

வன்னியில் வளர்ந்த சகோதரி ஒருவர் மரை வற்றலைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார். அதற்கு ஃபேலோவை வீணாக்க வேண்டாம்; கடமானின் தொடைக்கறியே பொருத்தம். கொழுப்பைத் துளியும் விடாமல் நீக்கி, மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பூசிக்கொள்ளுங்கள். மெல்பர்னின் குளிர்கால வெயிலை நம்பிக் கொடியில் காயப்போட்டால் பூஞ்சைதான் பிடிக்கும். கீற்றுகளின் உள்வெப்பம் 71 பாகை செல்சியஸை எட்டும்வரை முதலில் அடுப்பில் சூடாக்கி, பிறகு மின் உலர்த்தியில் முழுமையாகக் காயவைத்து, காற்றுப்புகாத பையில் இட்டு உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.