ஓவர்ரைடுக்கு என்ன சொல் வைப்பது? திங்கட்கிழமை அச்சு

குடியாத்தம், கணினி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஜாவா நிரல்மொழிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இனக்குழு (கிளாஸ்), மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ், ஓர் இனக்குழுவில் உள்ளதை அதன் வழிவந்தது பெறுவது) எல்லாம் புழக்கத்தில் உள்ளபடியே வைத்துவிட்டேன். தாய் இனக்குழுவின் செயல்முறையை (மெத்தட்) வழிவந்த இனக்குழு அதே பெயரில் தனக்கேற்ப எழுதிக்கொள்ளும் ஓவர்ரைடில்தான் நிற்கிறேன். 'மேலெழுதல்' என்று போட்டிருந்தேன். ஒரு மாணவர், பேருந்து இனக்குழுவில் கட்டணம்() இருக்க, அதன் வழிவந்த மலைப்பேருந்தில் கட்டணம்(தொலைவு) என்று எழுதிவிட்டு, "மேலெழுதிட்டேன் மிஸ், கூப்பிட்டா பழைய கட்டணமே வருது" என்கிறார். அளபுரு (அடைப்புக்குறிக்குள் தருவது) மாறினால் அது ஓவர்ரைடு அல்ல, பணிமிகுப்பு (ஓவர்லோடிங்). இரண்டையும் குழப்பாத சொல் வேண்டும்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'மேலெழுதல்' என்றால் மேலே எழும்புதல். எழுதுவது என்றால் எழுதுதல். நீங்கள் தேடும் சொல்லை உரையாசிரியர்கள் எப்போதோ தந்துவிட்டார்கள்: 'எய்தியது விலக்கிப் பிறிதுவிதி வகுத்தல்', அதாவது முன் வந்த விதியை விலக்கி வேறு விதி தருதல். உயிரீற்றின் முன் வல்லினம் மிகும் என்பது பொதுவிதி. பலா + காய் பலாக்காய். மா + காயோ மாக்காய் ஆகாமல் மாங்காய் ஆகிறது, மரப்பெயர் சிலவற்றுக்கு நன்னூலார் தனி விதி வைத்ததால். பொதுவிதி அழியவில்லை, பலாவுக்கு அதுவே செல்லும். ஆகவே 'பிறிதுவிதி' என்று வையுங்கள்.

காட்பாடி, நிரலர்:
ஐயா, மாங்காய் விளக்கம் அருமை. ஆனால் நேர்காணலில் 'பிறிதுவிதி' என்று சொன்னால் எதிரே இருப்பவர் முழிப்பார். ஆபீசில் நாங்கள் "மெத்தடை ஓவர்ரைடு பண்ணு" என்றுதான் பேசுகிறோம். அப்படியே விடுங்கள். 2004-இல் வந்த ஜாவா 5 முதல் @ஓவர்ரைடு குறி இருக்கிறது. அந்த மாணவர் அதைப் போட்டிருந்தால் கம்பைலரே பிழை காட்டியிருக்கும். முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள் டீச்சர்.

வாணியம்பாடி, மொழிபெயர்ப்பாளர்:
எழுது + அல் = எழுதல். அல் ஈற்றுத் தொழிற்பெயரைப் புலவர் ஐயா எங்கே விட்டார்? இருந்தாலும் மேலெழுதல் எனக்கும் பிடிக்கவில்லை. பழையதை அழித்துவிட்டு எழுதுவது போல இருக்கிறது. தாய் இனக்குழுவின் செயல்முறை அங்கேயேதான் கிடக்கிறது, 'சூப்பர்' என்ற ஜாவா சொல்லைப் போட்டுக் கூப்பிடலாம். 'மறுவரையறை' போதும். அப்புறம், மரபுரிமம் எதற்கு? புறநானூற்றிலேயே 'தாயம்' (வழிவழி வரும் உரிமை) இருக்கிறதே!

காட்பாடி:
தாயமா? பிள்ளைகள் கட்டை உருட்ட உட்கார்ந்துவிடுவார்கள். தாயம் வடமொழி என்று ஒரு சண்டை வேறு வரும்.

ஆற்காடு:
வரட்டும். தாய், தாயாதி, தாயம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் பதினெட்டுச் சான்று அனுப்புகிறேன். தம்பி வாணியம்பாடி, அல் ஈறு உண்டுதான், மயக்கமும் உண்டு. சூப்பர் போட்டுத் தாயை அழைத்துவிட்டு மேலே ஒன்று சேர்க்கிறீர்களே, அதற்கும் உரையில் பெயர் இருக்கிறது: 'எய்தியதன்மேற் சிறப்புவிதி'.

காட்பாடி:
பதினெட்டு வேண்டாம் ஐயா, ஆளை விடுங்கள். ஓவர்ரைடு இல்லையென்றால் மறுவரையறை, அவ்வளவுதான்.

குடியாத்தம்:
சரி, மறுவரையறை என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ஓவர்ரைடு என்னும் மறுவரையறை'. மாங்காய் தனிப் பெட்டியில் வரும், @ஓவர்ரைடுக்கு ஒரு பயிற்சி சேர்த்திருக்கிறேன். தாயத்தை இப்போது தொடவில்லை.

ஆற்காடு:
ஒரே இனக்குழுவுக்குள் வரையறையை மாற்றினாலும் மறுவரையறைதானே அம்மா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பெட்டியில் மாங்காயோடு விளாங்காயையும் சேருங்கள்.