போலந்துக்குப் போன ஆசிரியர்கள் இருக்கிறீர்களா? நாஜி முகாம்கள் அல்ல, யூதர்கள் வாழ்ந்த ஊர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

லண்டன் வரலாற்று டீச்சர்:

நானே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தில் ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் செய்த யூதப் படுகொலை, கட்டாயப் பாடம். ஆனால் நான் கையாளும் புத்தகம் 1933-ல், ஹிட்லர் பதவிக்கு வருவதில்தான் தொடங்குகிறது. யூதர்கள் முதல் பக்கத்திலேயே பலியானவர்களாக வந்து நிற்கிறார்கள். அதற்கு முன் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள், அப்பாவோடு எதற்குச் சண்டை போட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. போருக்கு முன் போலந்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் யூதர்கள் இருந்தார்கள். அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளத்தான் ஓர் ஆசிரியர் குழுவோடு கிளம்பினேன்.

வார்சாவில் போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் பிரமாதம். ஆனால் மனதில் தங்கியது லூப்ளின். 1939-க்கு முன் அந்த ஊரில் மூன்றில் ஒருவர் யூதர், சுமார் 43,000 பேர். கிறிஸ்தவர்கள் இருந்த பகுதிக்கும் யூதர் பகுதிக்கும் நடுவில் கிரோட்ஸ்கா வாசல் என்று பழைய கோட்டை வாசல் ஒன்று உண்டு. அதற்குள் இப்போது ஒரு பண்பாட்டு மையம் இயங்குகிறது. அந்த 43,000 பேருக்கும் ஆளுக்கொரு கோப்பு, அலமாரி அலமாரியாக. பல கோப்புகள் காலி. வாசலைத் தாண்டிப் போனால் யூதர் தெருக்கள் இருந்த இடத்தில் புல்வெளியும் வாகன நிறுத்தமும்தான்.

அங்கேதான் ஹெனியோ ஸிட்டோமிர்ஸ்கி பற்றிக் கேட்டேன். 1933-ல் பிறந்த பையன். அப்பா ஆசிரியர். வருஷா வருஷம் பையனைப் படம் எடுத்திருக்கிறார்கள். கடைசிப் படம் 1939 ஜூலையில், ஒரு வங்கி வாசலில், அரைக்கால் சட்டையோடு சிரித்துக்கொண்டு. செப்டம்பர் 1-ம் தேதி ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவன். அன்றைக்குத்தான் ஜெர்மன் படை போலந்துக்குள் வந்தது. அவன் லூப்ளினை ஒட்டியிருந்த மைதானெக் நாஜி முகாமில் கொல்லப்பட்டான். இப்போது ஏப்ரல் 19-ம் தேதிகளில் லூப்ளின் பள்ளிப் பிள்ளைகள் அவனுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போடுகிறார்கள். ‘முகவரிதாரர் இல்லை’ என்று திரும்பி வந்துவிடும். என்ன எழுதுவார்கள் என்று மையத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “உனக்கு நாய்க்குட்டி இருக்கா, என்ன விளையாடுவேன்னுதான் நிறையப் பேர் கேட்பாங்க” என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அழ வைக்கிற பாடங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

டொராண்டோ வாத்தியார்:

டீச்சர், ஓஷ்வியென்சிம் ஊருக்குள் போனீர்களா? ஆஷ்விட்ஸ் முகாம் இருக்கிற அதே ஊர். கிராக்கோவிலிருந்து வரும் பேருந்துகள் முகாமைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். சோவா ஆற்றைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. தாண்டினால் கடைத்தெரு, சர்ச், யூதர்கள் வழிபடும் ஜெப ஆலயங்களில் மிஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்று. போருக்கு முன் ஊரில் பாதிக்கு மேல் யூதர்கள்! ஜெப ஆலயத்தை ஒட்டி 2000-ல் திறந்த யூத மையம் இருக்கிறது. ஹாபர்ஃபெல்ட் குடும்பத்தின் வோட்கா பாட்டில்களை அங்கே காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாராயத் தொழில் செய்த குடும்பம். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சரக்கோடு போனார்கள் கணவனும் மனைவியும். சின்ன மகள் போலந்தில். திரும்பும் வழியில் போர் தொடங்கிவிட்டது, ஊருக்கு வர முடியவில்லை. மகள் பிழைக்கவில்லை.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது பசங்கள் முதலில் கேட்டது வோட்காவில் என்ன ருசி சேர்ப்பார்கள் என்று. கேட்கட்டுமே!

கோவை ஜானகி:

நான் ஆசிரியர் இல்லை, மகளோடு சுற்றுலா போனவள். யூதர் என்றால் எனக்குக் கொச்சி ஜெப ஆலயமும் ஹிட்லரும்தான். கிராக்கோவில் காசு எண்ணும் யூதக் கிழவர் படம் கடைகளில் தொங்குகிறது. வீட்டில் மாட்டினால் பணம் தங்குமாம். “யூதர்கள் வாங்குவாங்களா?” என்று மகள் கேட்டாள். கடைக்காரர் சிரித்து மழுப்பிவிட்டார். எனக்கு ஒப்பவில்லை.

லண்டன் வரலாற்று டீச்சர்:

ஜானகி அக்கா, அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் குழுவில் பெரிய விவாதமே நடந்தது. வெறும் அதிர்ஷ்டப் படம் என்றார் ஒருவர். மூன்று தெரு தள்ளி யூதர்களே நடத்துகிற சமூக மையம் இருக்கிறபோது அந்தப் பேச்சு எடுபடவில்லை. அதே கிராக்கோவில்தான் 1917-ல் தையல் வேலை செய்த சாரா ஷெனிரர் யூதப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு அது போலந்து முழுக்கப் பரவியது. இதெல்லாம் அந்தப் படக் கடையில் கிடைக்காது.

வாத்தியார் சார், உங்கள் பசங்களுக்கு இன்னொன்று. அப்போது போலந்தில் இருந்த வில்னா நகரில் யீவோ என்ற யூத ஆய்வு நிறுவனம் 1930-களில் யூத இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டி வைத்தது, 600-க்கும் மேற்பட்ட தன்வரலாறுகள் வந்தன. காதல், பரீட்சை, கட்சி, அம்மாவின் நச்சரிப்பு, எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்த தொகுப்பு கிடைக்கிறது. நான் இப்போது முதல் இரண்டு வகுப்புகளை அதற்கே ஒதுக்குகிறேன். ஹிட்லர் மூன்றாவது வகுப்பில்தான்.

டொராண்டோ வாத்தியார்:

நன்றி. அடுத்த கோடையில் லூப்ளின் போகிறோம். பயணத் திட்டம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

லண்டன் வரலாற்று டீச்சர்:

போலின் செவ்வாய்க்கிழமை திறக்காது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் வழிபாடு நடக்கும் ஜெப ஆலயங்களைச் சுற்றிப்பார்க்க முடியாது. லூப்ளினுக்கு ஒருநாள் போதாது, இரவு தங்குங்கள். பழைய யெஷிவா (யூத மதக் கல்லூரி) கட்டடத்தில் ஹோட்டல் இருக்கிறது. குழுவாகப் போனால் கிரோட்ஸ்கா வாசலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.