பழைய மாருதி 800க்கு ஹெட்லைட் பல்பு: எல்.இ.டி.யா, 100/90 ஆ, பழைய அளவேவா?

உடுமலைக்காரன்:

வணக்கம். அப்பாவின் 2004 மாருதி 800 இன்னும் நன்றாக ஓடுகிறது. ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரியும் கட்டியாயிற்று. இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை. ஒரே தொல்லை ஹெட்லைட்தான். லோ பீமில் மஞ்சளாக ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். ஹை பீம் போட்டால் மரத்து உச்சி தெரிகிறது, ரோடு தெரியவில்லை. போன வாரம் மடத்துக்குளம் பக்கம் உள்ரோட்டில் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது. பின்னால் லைட்டும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. கிட்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. அப்பாவை இரவில் வண்டி எடுக்க விடவே இப்போது பயமாக இருக்கிறது.

கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் 6000 கெல்வின், அதாவது பளிச்சென்ற வெள்ளை நிற எல்.இ.டி. போடச் சொல்கிறார். இன்னொருவர் 100/90 வாட் ஹாலஜன் போட்டால் போதும் என்கிறார். மூன்றாவது கடையில் நீலக் கண்ணாடி போட்ட 'ஒயிட்' பல்பு காட்டினார்கள். இப்போது இருக்கிற பல்பின் அடியில் 12 வோல்ட், 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55), பல்பு வகை எச்4 என்று இருக்கிறது. எதை வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை டிரைவர்:

யோசிக்காமல் எல்.இ.டி. போடுங்க ப்ரோ. என் பழைய வண்டியில் போட்டிருக்கிறேன், ரோடு பளிச்சென்று இருக்கிறது. கரண்டும் கம்மியாகத்தான் இழுக்கும்.

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன்:

தம்பி, எதையும் வாங்கிவிடாதீங்க. முதலில் பல்புக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். இருபது வருட வண்டியில் வெளிச்சம் குறைந்தால் பத்துக்கு எட்டு வண்டியில் குற்றவாளி பல்பு இல்லை, வயரிங்தான்.

ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் ரொம்பக் குறையும். எச்4 பல்பை 13.2 வோல்ட்டில் சோதித்துத்தான் அதன் வெளிச்சத்தைக் குறிக்கிறார்கள்: லோ பீம் 1000 லூமன், ஹை பீம் 1650 லூமன். அதே பல்புக்கு 12 வோல்ட்தான் கிடைத்தால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். இந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு ரிலே உண்டு, அதாவது சொற்பக் கரண்டில் இயங்கி, பல்புக்கான பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் பல்புக்கான முழுக் கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகத்தான் சுற்றிக்கொண்டு வருகிறது. ஸ்விட்சுக்குள் காண்டாக்ட் கறுத்திருக்கும், ஃப்யூஸ் பெட்டி பச்சை பிடித்திருக்கும், கிரவுண்ட் வயர் துரு ஏறியிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜைத் தின்றுவிடும்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? பல்பைக் கழற்றி வெறும் பிளக்கில் அளக்காதீர்கள். லோடு இல்லாமல் பார்த்தால் 14 வோல்ட் காட்டி உங்களை ஏமாற்றும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, இன்ஜின் ஓடும்போது, பிளக்கின் பின்பக்கமாக வயர் நுழையும் துளையில் புரோபை விட்டு அளக்க வேண்டும். முதலில் பேட்டரியில் ஒரு ரீடிங். அப்புறம் பல்பின் இரண்டு முனைக்கும் நடுவே ஒன்று. அடுத்து பேட்டரி பிளஸுக்கும் பிளக் பிளஸுக்கும் நடுவே. கடைசியாகப் பிளக் கிரவுண்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. நான்கையும் எழுதி இங்கே போடுங்கள்.

உடுமலைக்காரன்:

அளந்துவிட்டேன் அண்ணா. லோ பீமில் இடது பக்கம்: பேட்டரி 14.1, பல்பில் 11.6. பிளஸ் பக்க இழப்பு 1.6, கிரவுண்ட் பக்க இழப்பு 0.9. வலது பக்கம் பல்பில் 11.9 வருகிறது. இடது பக்கப் பிளக்கின் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி உருகின மாதிரி இருக்கிறது.

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன்:

பார்த்தீங்களா, மொத்தம் இரண்டரை வோல்ட் வழியிலேயே போகிறது. 11.6இல் அந்தப் பல்பு தன் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது. மஞ்சளாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம், இழை போதிய சூடு ஏறவில்லை. எவ்வளவு விலை உயர்ந்த பல்பு போட்டாலும் இந்த வயரில் இதே கதைதான்.

செய்ய வேண்டியது ரிலே செட். லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனை. 87ஆம் முனையிலிருந்து பல்பு. பழைய ஹெட்லைட் வயர் இனி 85, 86 முனைகளுக்கு மட்டும் போகும், அதில் சொற்பக் கரண்டுதான். ஸ்டியரிங் ஸ்விட்சும் பிழைத்துக்கொள்ளும். உருகின பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் பீங்கான் ஹோல்டர் போடுங்கள். இரண்டு பக்கமும் கிரவுண்டுக்குத் தனியாகப் புது வயர், பாடியில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் இடத்தில் போல்ட் போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பான் வழி வந்த வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் ஸ்விட்ச் பிளஸ் பக்கம் இருக்காது, கிரவுண்ட் பக்கம் இருக்கும். அதாவது பல்பின் பொது முனைக்கு எப்போதும் பிளஸ் வரும், லோ ஹை இரண்டும் ஸ்விட்ச் வழியாகக் கிரவுண்டைத் தேடும். அப்படி இருந்தால் கடையில் விற்கும் ரெடிமேட் ரிலே செட்டை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது, மாற்றிக் கட்ட வேண்டும். டெஸ்ட் லேம்ப் வைத்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உடுமலைக்காரன்:

ரிலே போட்ட பிறகு 100/90 போடலாமா? கடைக்காரர் ரிலே இருந்தால் பயமில்லை என்கிறார்.

பாலிடெக்னிக் வாத்தியார்:

வேண்டாம். ரிலே வயரைக் காப்பாற்றும், ஹெட்லைட்டைக் காப்பாற்றாது. 60 வாட்டின் சூட்டுக்கு ஏற்றபடி செய்த ரிஃப்ளெக்டர் அது. உள்ளே பூசியிருக்கும் அலுமினியப் படலம் நாளாக ஆக மங்கிவிடும், அப்புறம் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் திரும்பாது. ரிலே இல்லாமல் போட்டால் இன்னும் மோசம். இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்த இடத்தில் 17 ஆம்பியர் இழுக்கும், வயரில் இழப்பும் அதே கணக்கில் கூடும். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மோட்டாரைப் பெரிதாக்கிப் பயனில்லை. 100/90 ரோட்டு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அளவும் அல்ல. எதிரே பைக்கில் வருகிறவரை நினைத்துப் பாருங்கள், அவருக்குக் கண்ணாடிகூட நடுவில் இல்லை.

எல்.இ.டி. பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். எச்4 பல்பை ஒருமுறை கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். முன்னால் இருக்கும் லோ பீம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி சின்னத் தகடு ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தகடு வெளிச்சத்தைக் கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டருக்குப் போகாமல் மறைக்கிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் கீழ்நோக்கி ரோட்டுக்குப் போகிறது. சுவரில் லோ பீமைப் பிடித்தால் மேலே கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு தெரிவதும், அது இடது பக்கம் கொஞ்சம் ஏறுவதும் இதனால்தான். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஓரத்தில் நடப்பவரைக் காட்ட அந்த ஏற்றம்.

எல்.இ.டி. பல்பில் ஒரு தட்டையான பட்டையின் இரு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். அது மெல்லிய இழை உட்கார்ந்த அதே புள்ளியில், அதே வடிவில் உட்காராது. வெளிச்சம் நிறைய வரும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருப்பதால் ஓட்டுபவருக்குத் திருப்தி. அந்தப் பளீரில் கண் பாவை சுருங்கிவிடும், தொலைவில் இருக்கும் லைட் இல்லாத டிராக்டர் முன்னைவிடத் தாமதமாகத்தான் தெரியும். உடுமலை நண்பர் கேட்டது அந்த டிராக்டரைப் பார்க்கத்தானே?

கோவை டிரைவர்:

சார், எனக்கு இன்றுவரை எதிரே வருபவர் யாரும் கண் கூசுகிறது என்று லைட்டை மின்னி டிப்பர் அடித்ததில்லை.

பாலிடெக்னிக் வாத்தியார்:

நல்லது தம்பி. ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் சுவருக்கு முன்னால் நிறுத்தி லோ பீம் போடுங்கள், அந்த வெட்டுக்கோடு தெளிவாக விழுகிறதா? விழுந்தால் சிப் 3 மணி, 9 மணி திசை பார்த்து ஓரளவு சரியாக அமைந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே மூட்டமாக வெளிச்சம் பரவினால் எதிரே வருபவர் கண்ணில்தான் அது விழுகிறது. வெட்டுக்கோடு நன்றாக இருந்தாலும் ஹாலஜனுக்குச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. போடுவது கம்பெனி அமைப்பை மாற்றுவதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு அதை அனுமதிக்கவில்லை, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறி வரலாம்.

நீலக் கண்ணாடி 'ஒயிட்' பல்புக்கு ஒரே வரி: அந்த நீலப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்துத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. மழையில் நனைந்த தார் ரோட்டில் இருக்கிற வெளிச்சமே போதாது, அதிலும் குறைப்பானேன்.

மலைரோடு:

வால்பாறைக்கு அடிக்கடி ஏறுகிறவன் நான். 40 கொண்டை ஊசி வளைவில் மூடுபனி இறங்கினால் வெள்ளை வெளிச்சமும் ஹை பீமும் முகத்தில் திரும்பி அடிக்கும். சாதாரண 60/55 ஹாலஜன், லோ பீம், மெதுவாக, இதுதான் கைகொடுக்கிறது. பிலிப்ஸ், ஓஸ்ராம், ஹெல்லா எதுவானாலும் சரி, ஒரிஜினலா என்று பார்த்து ஜோடியாக மாற்றுங்கள். 'பிளஸ் 100', 'பிளஸ் 130' என்று போட்டிருப்பதும் 60/55தான். இழை இன்னும் சூடாக எரிவதால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், ஆயுள் குறையும். ரிலே போட்ட வண்டிக்கு அது தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெந்து கண்ணாடி விட்டுப்போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன்:

பல்பைக் கழற்றும்போது செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து ரிஃப்ளெக்டரையும் பாருங்க தம்பி. முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்க வேண்டும். சாம்பல் பூத்தோ உரிந்தோ இருந்தால் துணி விட்டுத் துடைக்கப் போகாதீர்கள், படலம் துணியோடு வந்துவிடும். 800க்கு முழு ஹெட்லைட் செட் இன்னும் கடையில் கிடைக்கிறது, மாற்றிவிடலாம். பின்னால் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தண்ணீரும் தூசியும் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

திருப்பூர் அக்கா:

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. அப்பாவுக்கு வயது என்ன? எதிரே லைட் வரும்போது ரோடே மறைகிறது என்கிறாரா? என் மாமனார் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காரை மாற்றிப் பார்த்தோம், லைட்டை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் கண் டாக்டர் கண்புரை என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய லைட்டிலேயே நிம்மதியாக ஓட்டுகிறார். கண்ணாடியையும் பாருங்கள், வைப்பர் கீறல் விழுந்த முன்கண்ணாடி எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

உடுமலைக்காரன்:

அக்கா, அப்பாவுக்கு 66. நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்கிறார். எனக்கு இது தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. இந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

வண்டி விவரம்: ஊர் எலக்ட்ரீஷியனிடம் இந்த உரையாடலைக் காட்டினேன். அண்ணா சொன்னபடியே எங்கள் வண்டியில் கிரவுண்ட் பக்கம்தான் ஸ்விட்ச் என்று டெஸ்ட் லேம்பில் தெரிந்தது, ரிலேயை அதற்கேற்ப மாற்றிக் கட்டினார். புது 60/55 ஜோடி, பீங்கான் ஹோல்டர், இரண்டு பக்கமும் புது கிரவுண்ட். இப்போது பல்பில் இடது 13.5, வலது 13.6. மஞ்சள் போய் நல்ல வெளிச்சம் வந்திருக்கிறது. ரிஃப்ளெக்டர் இரண்டும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹை பீம் இன்னும் மேலேயே அடிக்கிறது. அது எதனால்?

பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன்:

அது லைட் பார்க்கும் திசையின் பிரச்சினை, ஹெட்லைட் திருகாணியில் சரியாகிவிடும். சமதளத்தில் சுவருக்கு நேராக, ஹெட்லைட்டிலிருந்து சுவர் 5 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒரு ஆள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஒரு பக்க லைட்டைத் துணியால் மூடிவிட்டு மற்றதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் மாற்றி. லோ சரியாக விழுந்தால் ஹை தானாக ரோட்டுக்கு வந்துவிடும், ஒரே பல்பு தானே. பின் சீட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போவதாக இருந்தால் முன்பக்கம் தூக்கும், அதற்காக இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கினாலும் தப்பில்லை.

கழற்றின பழைய பல்பில் கண்ணாடி கறுக்காததாக ஒன்றைப் பேப்பரில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.