முன்னால் பளிச், பின்னால் இருட்டு: வண்டி விளக்கு அனுபவங்கள்

விளக்கு விஷயத்தில் ரோட்டில் பார்த்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

பொழுது சாய்ந்து மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் 80-ல் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ரோடு காலி என்று நினைத்த இடத்தில், சாம்பல் நிறக் கார் ஒன்று டெயில் லைட்டே இல்லாமல் என் வெளிச்சத்துக்குள் முளைத்தது. 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர். லோ பீம், அதாவது ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி, காட்டுவதோ ஏறக்குறைய 50 மீட்டர். ஈர ரோட்டில் அதற்குள் வண்டி நிற்காது. அந்தக் காரும் ஓடிக்கொண்டிருந்ததால் பிரேக் அழுத்திச் சமாளிக்க முடிந்தது.

தாண்டும்போது பார்த்தால் முன்பக்கம் பகல் விளக்கு பளிச்சென்று எரிகிறது! உள்ளே டாஷ்போர்டும் ஜொலிக்கிறது. ஓட்டுபவர் எல்லா லைட்டும் எரிவதாகத்தான் நம்பியிருப்பார். டிஆர்எல் எனும் அந்தப் பகல் விளக்கு பல கார்களில் முன்னால் மட்டும்தான் எரியும். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால்தான் பின்னால் சிவப்பு வரும். லைட்டைத் தானாகப் போடும் 'ஆட்டோ' சுவிட்சையும் முழுக்க நம்ப முடியாது. அது வெளிச்சம் குறைவதைத்தான் கவனிக்கும், பகல் மழையிலும் பனியிலும் பேசாமல் இருந்துவிடும். வைப்பர் போட்டால் கையோடு ஹெட்லைட்டும் போட்டுவிடுங்கள்.

* * *

உண்மைதான் அண்ணே. நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். எனக்குப் பயம் மழையில் ஹஸார்டு (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாகச் சிமிட்டும் அபாய விளக்கு) போட்டுக்கொண்டு ஓடும் கார்கள்தான். ஒருமுறை முன்னால் போன கார் நான்கு இண்டிகேட்டரும் சிமிட்டியபடி போனது. நிற்கிறதா, ஓடுகிறதா என்றே பிடிபடவில்லை. அப்படியே என் லேனுக்குள் நுழைந்துவிட்டது. அவர் இண்டிகேட்டர் போட்டாரோ என்னவோ, பல வண்டிகளில் ஹஸார்டு எரியும்போது அது தனியாகத் தெரியாது. பழுதாகி நின்றால் போடுங்கள். ஓடும்போது லோ பீம் போதும். அடர்ந்த பனியில் ஃபாக் லைட்டும் சேரட்டும். ஹை பீம் மட்டும் வேண்டாம், வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

* * *

நான் பார்த்தது வேறு மாதிரி. எதிரில் வந்த காரின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. டிப் அடித்துக் காட்டியும் மாறவில்லை. நான் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் ஓரக் கோட்டைப் பார்த்தே கடந்தேன். பிறகு பெட்ரோல் பங்க்கில் அதே கார் வந்து நின்றது. கேட்டால், "லோ பீம்தாங்க போட்டிருக்கேன்" என்றார். அதுவும் நிஜம். ஆனால் டிக்கி நிறையச் சாமான், பின்சீட்டில் மூன்று பேர். பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கியிருந்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்ன உருளை இருக்குமே, அதை 0-விலிருந்து 2-க்குத் திருப்பினோம். எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சம் கண்ணெதிரே கீழே இறங்கியது. எண் அதிகமானால் ஒளி தாழும். இது எதற்கு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையாம். உங்கள் வண்டியிலும் இருக்கிறதா பாருங்கள். சாமானை இறக்கியதும் பழையபடி 0-வுக்கு வைத்துவிடுங்கள்.